பின்னிணைப்பிலிருந்து வந்தவர்

மருதநேரிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளை ஒப்படைக்க வேண்டிய வெள்ளிக்கிழமைக் காலையில், முதுகலை வரலாறு படிக்கும் மங்களேஸ்வரி தன் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பொய்யாக எழுதிவைத்திருந்த பெரியவர், வெள்ளை வேட்டியும் கையில் ஒரு காலி மஞ்சள் பையுமாகப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்து, துறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, "கு. பெத்தபெருமாள், வயசு எழுபத்திரண்டு, விவசாயி, கீழத்தெரு" என்று சொல்லிக் கும்பிட்டார். தன்னைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும். மங்களேஸ்வரி அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

மருதநேரிப் பல்கலைக்கழகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடிப்போன பஞ்சாலையின் சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே சுவர் எழுப்பி, துறைக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டி, வாசலில் ஒரு வளைவு கட்டிவிட்டார்கள். வரலாற்றுத் துறைக்கு இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஓரங்களைக் கரையான் தின்றுவிட்ட ஓர் இந்திய வரைபடம். அதன் கீழே உட்கார்ந்து பிள்ளைகள் பகலெல்லாம் பேரரசுகளின் வீழ்ச்சியைப் படித்துவிட்டு, சாயங்காலம் ஊர்ப் பேருந்தில் இடம் பிடிக்க ஓடுவார்கள்.

துறைத்தலைவர் தாண்டவமூர்த்திக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆய்வேடு என்றால் பின்னிணைப்பில் தகவலாளர்கள் இருந்தாக வேண்டும்: உள்ளூர்ப் பெரியவர்களை நேரில் பார்த்து, பெயரும் வயதும் தொழிலும் தெருவும் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுத வேண்டும். தகவலாளர் இல்லாத ஆய்வேட்டை அவர் தாலி கட்டாத கல்யாணத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். வெயிலில் அலைய மாட்டாதவர்கள் ஒன்றிரண்டு பெரியவர்களைத் தாங்களாகவே பெற்றுக்கொள்வது பழைய வழக்கம். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அப்படிப் பிறந்தவர்களில் ஒருவர் நேரில் வந்து நிற்பது மட்டும் இதுதான் முதல் தடவை.

"வாங்க பெரியவரே, உட்காருங்க. தகவலாளர்னா இப்படியில்ல இருக்கணும், தேடி வந்துருக்காரு பாருங்க" என்று தாண்டவமூர்த்தி தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். யாரோ தேநீர் வாங்க ஓடினார்கள். பெரியவர் உட்காரவில்லை. அறை முழுக்கக் கண்ணை ஓட்டி, கடைசி பெஞ்சில் குனிந்திருந்த மங்களேஸ்வரியைக் கண்டுபிடித்து, அவளுக்கென்று தனியாக இன்னொரு கும்பிடு போட்டு, "தாயி, நல்லாருக்கீகளா" என்றார். தாத்தா வயதுள்ள மனிதர் தன்னைக் கும்பிடுகிறாரே என்று அவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

அந்தப் பொய் கூச்சத்தில் பிறந்தது. மருதநேரிக் கண்மாயும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் என்பது அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. மற்ற மூன்று கரைகளையும் சித்தப்பா வீடு, மாமா வீடு என்று போய்க் காப்பி குடித்து முறுக்குக் கடித்தபடியே எழுதி முடித்துவிட்டாள். மிச்சமிருந்தது கிழக்குக் கரை, அதன்மேல் கரைமேட்டுத் தெரு. கண்மாய் மடையைத் திறக்கவும் அடைக்கவும், அடைமழையில் கரை உடைந்தால் மண்மூட்டையோடு தண்ணீரில் இறங்கவும் ஊர் கூப்பிடுகிற ஜனங்கள், வேறு எதற்கும் ஊர் கூப்பிடாத ஜனங்கள், அங்கே இருந்தார்கள். மங்களேஸ்வரியின் மேலத்தெருக்காரர்கள் அங்கே போவதில்லை. போனாலும் நின்றபடியே பேசிவிட்டு வருவார்கள். உட்கார மாட்டார்கள், ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். எழுதிவைத்த சட்டமாக இருந்தால் யாராவது அடித்துத் திருத்தியிருக்கலாம், இதை எங்கே பிடித்துத் திருத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் யாரும் மெனக்கெடவில்லை.

அந்தத் தெருவிலிருந்து வந்து அவளோடு படித்தவள் பஞ்சவர்ணம். பேருந்தில் முந்தி ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்து மங்களேஸ்வரிக்கு இடம் பிடிப்பவள். "ஞாயித்துக்கிழமை வாடி. எங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன், எல்லாம் சொல்லுவாங்க" என்றாள். மங்களேஸ்வரியும் போனாள். கரைமேட்டுத் தெருவுக்குத் திரும்பும் முக்கு வரைக்கும் போனாள். அங்கே தேநீர்க் கடையில் அவளுடைய சித்தப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளிலிருந்து கண்ணை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தாளுக்குள் போய்விட்டார். அவ்வளவுதான், அவள் சைக்கிளைத் திருப்பிவிட்டாள். பஞ்சவர்ணத்திடம் காய்ச்சல் என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து, பேருந்தில் போகையில் எங்கோ பார்த்திருந்த ஒரு தையல்கடைப் பெயரைப் பிடித்து, அதற்கு ஒரு முன்னெழுத்தும் வயதும் கொடுத்து, அந்த மனிதர் வாயில் இப்படிப் போட்டாள்: "கிழக்குக் கரையில் அந்தக் காலத்தில் குடியிருப்பே கிடையாது, வெறும் கருவேலங்காடுதான். கரைமேட்டுத் தெரு சமீபத்தில் வந்தது." யாருமே இல்லாத இடத்தில் யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

பெத்தபெருமாளை ஊர் எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். கீழத்தெருவில் அவருக்கு வீடு இல்லை என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. அதற்காக யாரும் மலைக்கவில்லை. வரைபட அறையைப் பெருக்கி ஒரு கட்டில் போட்டார்கள், விடுதிச் சமையல்காரம்மா மூன்று வேளையும் தட்டு அனுப்பினார். விவசாயி என்கிறாரே, உள்ளங்கை கைக்குழந்தைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தி சந்தேகப்பட்டதற்கு, நிலத்தை விற்று நாளாகியிருக்கும் என்று இன்னொருத்தி பதில் சொல்லிவிட்டாள். வயலை எழுத மறந்தது யார் என்பது மங்களேஸ்வரிக்கு மட்டும் தெரியும். கீழத்தெருக்காரர்கள் கூடி யோசித்து, சின்ன வயதில் பினாங்குக்குக் கப்பலேறிப் போன ஒருவர் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, இரண்டு வீட்டார் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்த்தி வைத்தார்கள், காதுகுத்துக்கு மடி கேட்டார்கள்.

ஏனென்றால் அவர் சொல்வதெல்லாம் கேட்பவருக்கு இனித்தது. ஓர் அத்தியாயத்துக்கு வேண்டியதைச் சொல்வதற்காகவே பிறந்த மனிதர் என்பதால், எதிரில் இருப்பவருக்கு எது வேண்டுமோ அது அவர் நாக்கில் தானாக வந்து நின்றது. கோயில் முதல் மரியாதை யாருக்கு என்று தெற்குத் தெருக்காரர்கள் கேட்டபோது தெற்குத் தெருவுக்கு என்றார், வடக்குத் தெருக்காரர்கள் கேட்டபோது வடக்குத் தெருவுக்கு என்றார். இரண்டு கூட்டமும் ஒன்றாக வந்து நின்றபோது ஒருவருஷம் விட்டு ஒருவருஷம் என்றார், இரண்டு கூட்டமும் சிரித்தபடி திரும்பிப் போயின. அடுத்து ஆய்வேடு எழுத வேண்டிய துறைப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நாணயம் பற்றி எழுதியவனுக்கு அவர் நாணயம் சொன்னார், நாட்டு மருந்து பற்றி எழுதியவளுக்கு மருந்து சொன்னார், வெயிலில் அலைவது அடியோடு நின்றுபோயிற்று. தாண்டவமூர்த்தி அவரை வைத்து ஒரு கட்டுரை எழுதி வெளியூர்க் கருத்தரங்கில் படித்துக் கைதட்டல் வாங்கினார். துணைவேந்தர் வந்து பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடையோடு பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க, மங்களேஸ்வரி வாசல் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார். அவள் பின்பக்கச் சுவரின் இடிந்த பகுதி வழியாக வர ஆரம்பித்தாள்.

பஞ்சவர்ணம் அந்த ஆய்வேட்டைத் துறை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தது ஒரு மதியம். படித்து முடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் பேருந்தில் பையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள், பக்கத்து இருக்கையில் யாரோ மீன்கூடையோடு உட்கார்ந்தார்கள். மங்களேஸ்வரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தாள்.

அதோடு போயிருந்தால் அவளும் மெல்ல மறந்து ஒரு பட்டத்தை வாங்கி மாட்டியிருப்பாள். ஆனால் கண்மாயைச் சுற்றிக் காலைநடைக்குப் பாதை போட வேண்டும் என்று ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. எழுந்த பேச்சு நேராகப் போய்க் கரைமேட்டுத் தெருவில் முட்டியது. அது கண்மாய்ப் புறம்போக்கில் சமீபத்தில் வந்த ஆக்கிரமிப்பு என்றார்கள் சிலர், ஊர் தோன்றிய நாளாக இருக்கிறோம் என்றார்கள் தெருக்காரர்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வருவதாக முடிவாயிற்று. யாரைக் கேட்பது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. பெத்தபெருமாள் ஐயா இருக்கிறார், புத்தகத்திலேயே வந்துவிட்டது என்றார் மங்களேஸ்வரியின் சித்தப்பா.

அவள் தாண்டவமூர்த்தியிடம் ஓடினாள். "சார், அவரை நான் பார்த்ததே இல்ல. அவரு நானா எழுதின ஆளு சார்."

தாண்டவமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சன்னல் வழியாக மரத்தடியில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார். "கண்ணு முன்னாடி உட்கார்ந்து சாப்பிடுற மனுஷனை இல்லன்னு சொல்லலாமாம்மா? பாவமில்லையா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் கட்டுரை அச்சுக்குப் போயிருச்சு" என்றார்.

அவள் பெரியவரிடமே போனாள். "ஐயா, விசாரணையில கேட்டா, உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிருங்க."

"சொல்றேன் தாயி" என்று வாயைத் திறந்தவர் திணறினார். தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல இருமி, கண்ணில் நீர் வந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வரமாட்டேங்குது. நீங்க எனக்கு அந்த வார்த்தையை எழுதலையே. எழுதிக் குடுத்தீகன்னா சொல்லிருவேன். எனக்கும் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணாச் சொல்லி அலுப்பா இருக்கு" என்றார். "எனக்கு ஒரு வீடாவது எழுதியிருக்கலாம். சரி, அவசரத்துல இருந்திருப்பீக."

எழுதினால் சொல்லிவிடுவார் என்று தெரிந்ததும், மனசு போகிற போக்கைப் பாருங்கள், அவளுக்கு அடுத்த பொய்தான் முதலில் தோன்றியது. கரைமேட்டுத் தெரு ஊருக்கே மூத்த தெரு, ராஜா பட்டயம் கொடுத்த தெரு என்று எழுதிவிட்டால்? ஒரே வரியில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம், யாரிடமும் தலைகுனிய வேண்டாம். அந்த நல்ல பொய்யைச் சுமந்துகொண்டு மறுநாள் பகலில் கிளம்பினாள். முக்கில் தேநீர்க் கடை, கடையில் சித்தப்பா, அவர் கையில் அதே செய்தித்தாள். அவர் கண்ணை எடுத்துப் பார்த்தார். அவள் சைக்கிளைத் திருப்பாமல், இறங்கித் தள்ளிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனாள்.

தெரு சின்னத் தெரு. வீட்டு வாசலில் பஞ்சவர்ணத்தின் அம்மா பேச்சி விறகு பிளந்துகொண்டிருந்தார். "வாங்க" என்றார். மகளின் சிநேகிதியை வா என்று கூப்பிடக் காத்திருந்த வாய் அது, இப்போது மேலத்தெருக்காரிக்குச் சொல்கிற வாங்க-வைச் சொன்னது. மங்களேஸ்வரி படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட வேண்டும், முகத்தில் எதுவும் காட்டிவிடக் கூடாது என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தாள். பேச்சி தண்ணீர் கொடுக்கவில்லை.

"அன்னிக்கு நீங்க வர்றீகன்னு பணியாரம் சுட்டு வச்சிருந்தேன்" என்றார் பேச்சி. "காய்ச்சல்னு சொன்னா எம்மக. அப்புறம் கடைக்காரர் சொன்னாரு, முக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சுன்னு." அவ்வளவுதான் சொன்னார், மறுபடி கோடரியை எடுத்துக்கொண்டார். மங்களேஸ்வரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் தண்ணீர் குடுங்க என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். மங்களேஸ்வரி தன் நல்ல பொய்யைச் சொன்னாள்: பட்டயம், ராஜா, மூத்த தெரு.

"எங்க வீட்டுக்கு உன் பொய்யைக் காவலுக்கு வைக்கப் போறியா?" என்றாள் பஞ்சவர்ணம். குரல் ஏறவே இல்லை. "நாளைக்கு வேற ஒருத்தன் வந்து கேப்பான், அவனுக்குத் தகுந்த மாதிரி அந்தாளு மாத்திச் சொல்லுவாரு. அவருக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அதைச் சொல்லச் சொல்லு, போதும். எங்க கதையை நாங்க சொல்லிக்கிருவோம். எங்கம்மாவுக்கு வாய் இருக்கு."

மங்களேஸ்வரி அங்கிருந்து நேராகத் துறைக்குப் போய், அலமாரியிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, பின்னிணைப்பில் அந்த வாசகத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் எழுதினாள்: "கிழக்குக் கரையைப் பற்றிக் கேட்டபோது, தமக்கு எதுவும் தெரியாது என்றார்." சன்னலுக்கு வெளியே, மரத்தடியில், பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

விசாரணை பல்கலைக்கழகக் கூடத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது. பொன்னாடை போர்த்திய பெத்தபெருமாளை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்த்தியிருந்தார்கள். கரைமேட்டுத் தெருக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள், நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் நின்றார்கள். விசாரிக்க வந்த பெண் அதிகாரி தண்ணீர் குடித்துவிட்டு, "கிழக்குக் கரையில எப்ப இருந்து ஆளுங்க இருக்காங்க, சொல்லுங்க ஐயா" என்றார்.

கூடத்தில் பாதிப் பேருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது, மீதிப் பேருக்கு வேறொரு பதில். பெத்தபெருமாள் எழுந்து, வாழ்நாளில் முதல்முறையாக யாருக்கும் வேண்டாத ஒரு பதிலைச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதுங்க."

காது சரியாகக் கேட்கவில்லையோ என்று அதிகாரி மறுபடி கேட்டார். "தெரியாதுங்க" என்றார் அவர். சொல்லச் சொல்ல அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கோயிலைப் பற்றிக் கேட்டதற்கும் தெரியாது என்றார், பினாங்கைப் பற்றிக் கேட்டதற்கும் தெரியாது என்றார். முகம் குளித்துவிட்டு வந்தவர் முகம்போல இருந்தது.

"அப்ப இதுல எழுதி அடிச்சிருக்கே, இது யாரு சொன்னது?" என்று அதிகாரி ஆய்வேட்டைத் தூக்கிக் காட்டினார்.

மங்களேஸ்வரி எழுந்தாள். "யாரும் சொல்லல மேடம். நானா எழுதினேன். நான் அந்தத் தெருவுக்குள்ள போகவே இல்ல."

"ஏன் போகல?"

சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, முன்வரிசையில், பார்க்காமல் இருந்தார். காய்ச்சல் என்று சொல்லலாம், நேரமில்லை என்று சொல்லலாம், வாய்க்கு வசதியாக எத்தனையோ இருந்தன. "கூச்சமா இருந்துச்சு. எங்க ஆளுக பாத்துருவாகன்னு" என்றாள். அந்தச் சொற்கள் கூடத்தில் போய் விழுந்த இடத்திலெல்லாம் தலைகள் குனிந்தன. வெட்கத்தால் குனிந்தவை கொஞ்சம், அவள்மேல் வந்த கோபத்தால் குனிந்தவை நிறைய. சுவரோரம் நின்ற பஞ்சவர்ணம் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருக்கிறதா என்று மங்களேஸ்வரி தேடினாள். இல்லை. கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும் இருந்தது. பிறகு பேச்சி முன்னால் வந்து, அதிகாரி சொல்லும் முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நிறைய நேரம் சொன்னார்.

நடைபாதை பிற்பாடு வந்தது. மூன்று கரைகளைச் சுற்றி வந்து கரைமேட்டுத் தெருவின் தொடக்கத்தில் சட்டென்று நின்றுவிட்டது. நியாயத்தைப் பார்த்து நின்றதா, நிதி தீர்ந்து நின்றதா என்று கேட்டால் ஊருக்குத் தெரியாது. காலைநடைக்காரர்கள் அந்த இடம் வந்ததும் திரும்பி நடக்கிறார்கள்.

மங்களேஸ்வரியின் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு வருஷம் உட்கார்ந்து, எல்லாத் தெருவுக்கும் நடந்து, முதலிலிருந்து எழுத வேண்டும். சபையில் தெரு மானத்தை வாங்கிவிட்டாள் என்று சித்தப்பா பேச்சை நிறுத்தினார். அப்பா பேசுகிறார், சோறு போட்டாச்சா என்கிற அளவுக்கு. பேருந்தில் பஞ்சவர்ணத்தின் பை இன்னும் அவள் மடியில்தான் இருக்கிறது. மங்களேஸ்வரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், காலியாக இருந்தாலும் அந்த இருக்கையில் தானாகப் போய் உட்காருவதில்லை.

தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்ட பெத்தபெருமாளை ஊர் சீக்கிரமே கைகழுவிவிட்டது. கல்யாண வீடுகளில் கூப்பிடுவதில்லை. பெரியப்பா என்றவர்கள் பினாங்குக்காரர் வேறு ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வரைபட அறையில் கணினிகள் வந்து, கட்டில் வேப்பமரத்தடிக்கு வந்தது. அவருக்கு மதியச் சோறு மங்களேஸ்வரிதான் கொண்டுவருகிறாள். இப்போதெல்லாம் வாசல் வளைவு வழியாகவே வருகிறாள், அவர் எழுந்து கும்பிடும்போது ஓடி ஒளியாமல் நின்று அதை வாங்கிக்கொள்கிறாள், அது ஒவ்வொரு நாளும் சுடுகிறது.

ஒரு மதியம் சோற்றைப் பிசைந்தபடியே அவர் கேட்டார்: "தாயி, பேருக்கு முன்னாடி கு-ன்னு போட்டீகளே. எங்கப்பா பேரு என்ன?"

குருசாமி, குமரையா, குப்பமுத்து என்று பெயர்கள் அவள் நாக்கு நுனிக்கு ஓடிவந்து வரிசையில் நின்றன. எதைச் சொன்னாலும் அது உண்மையாகிவிடும். அவருக்கு ஓர் அப்பா கிடைப்பார், அப்பாவுக்கு ஒரு வயல், வயலோரம் ஒரு வீடு. கையெழுத்தில் ஒரு வரி போதும். அவர் பிசைவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், கல்யாண வீட்டில் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஜனங்கள் அவர் வாயைப் பார்ப்பார்களே, அப்படி. அவள் தொண்டையில் ஒரு முள் குறுக்கே நின்றது.

"தெரியாதுங்கய்யா" என்றாள். "சும்மா போட்டேன்."

அவள் இருமுவதைக் கண்டு, பெரியவர் தன் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல அடைக்கத்தான் செய்யும் தாயி" என்றார். "குடிங்க."